ஒரு ‘ழ’வில் தொடங்கியது: முல்லைத்தீவிலிருந்து பிரித்தானிய மனநலத் தாதியாகப் பதிந்த கதை

வற்றாப்பளைப் பொங்கலுக்கென்று லீவில் ஊருக்கு வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிற தாதிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "அக்கா, எங்க இருந்து தொடங்கிறது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி, யாருக்கு எதை விட்டேன் என்பதே எனக்கு நினைவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. இலங்கையில் மூன்று வருடப் பயிற்சி முடித்தால் எல்லோரும் தாதி உத்தியோகத்தர்தான். மனநலப் பிரிவில் போட்டாலும் சத்திரசிகிச்சை வார்ட்டில் போட்டாலும் பதிவு ஒன்றுதான். பிரித்தானியாவில் அப்படி இல்லை. அங்கே தாதியர், மருத்துவமாதுகள் பேரவை, அதாவது என்.எம்.சி., தாதியத்தை நான்கு துறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது: வளர்ந்தோர், சிறுவர், மனநலம், கற்றல் குறைபாடு. எந்தத் துறையில் பதிகிறீர்களோ அந்தத் துறைக்குரிய சோதனைதான் எழுத வேண்டும். நான் பயிற்சியில் அங்கொடை மனநல மருத்துவமனையில் சில வாரங்கள் நின்றவள். பிறகு முல்லைத்தீவு மாவட்டத்தில் மனநலக் கிளினிக்குகளிலேயே ஆறு வருடம் வேலை செய்தேன். மாத ஊசி, குளோசப்பின் என்ற மனநோய் மருந்து எடுப்பவர்களின் இரத்தப் பரிசோதனை, கிளினிக்குக்கு வராதவர்களைத் தேடி மணல் ஒழுங்கைகளில் போவது, இதுதான் எனக்குத் தெரிந்த தாதியம். எனவே மனநலத்தையே தெரிவு செய்தேன்.

2022 இல் பெற்றோல் வரிசைக் காலத்தில், அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. அப்போதுதான் எண்ணம் வந்தது. எங்கள் பிரிவில் இருந்ததே சில பேர். அதில் ஒருவர் போவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தம்பியின் படிப்புக் கடன், வீட்டுக் கடன் எல்லாம் சேர்ந்து முடிவெடுக்க வைத்தன. ஆட்கள் குறைந்த பிரிவை விட்டுப் போன கவலை இன்றும் போகவில்லை.

சரி, ‘ழ’வுக்கு வருகிறேன். என் பெயரில் ஒரு ‘ழ’ இருக்கிறது. பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி 2009 இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனுக்கும் மனிக் பாம் அகதி முகாமுக்கும் இடையில் எங்கோ போய்விட்டது. பிறகு எடுத்த பிரதியில் அந்த எழுத்துக்கு ஆங்கிலத்தில் ‘எல்’. தாதியர் பதிவுச் சான்றிதழில் ‘இசட் எச்’. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக; பதிவில் வெறும் முதலெழுத்து. நம் ஊரில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அங்கே மூன்று தாளில் மூன்று பெயர் என்றால் மூன்று ஆட்கள். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவையாளரிடம் கடிதம் வாங்கி, பிரதேச செயலகம், கொழும்பு என்று ஏறி இறங்கி இந்த ஓர் எழுத்தைச் சரிப்படுத்த நான்கரை மாதம் போனது. இதைத்தான் பிள்ளைகளுக்கு முதலில் சொல்கிறேன்: ஆங்கிலச் சோதனைக்குக் காசு கட்டுவதற்கு முன் எல்லாத் தாள்களையும் மேசையில் விரித்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆங்கிலச் சோதனையும் அதே பெயரில்தான் இருக்க வேண்டும்.

ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். அல்லது ஓ.ஈ.டி. நான் ஓ.ஈ.டி. எடுத்தேன், சுகாதாரத் துறைக்கென்றே உள்ளது என்பதால். வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் ‘பி’, எழுத்தில் ‘சி பிளஸ்’ வேண்டும். முதல் தடவை எழுத்தில் 290, ‘சி பிளஸ்’ எடுக்கத் தேவையானது 300. 180 முதல் 200 சொற்களுக்குள் ஒரு கடிதம் எழுத வேண்டும், நானோ நோயாளியின் கதை முழுவதையும் எழுதிவிட்டேன். எதை விடுவது என்று பழகிய பிறகுதான் இரண்டாம் தடவை 330 வந்தது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு குவார்ட்டர்ஸ் வாசல்படியில் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காக வரும். கேட்டல் பயிற்சி முழுவதும் அந்தப் படியில், நுளம்புச் சுருள் கொளுத்தி வைத்துக்கொண்டு செய்ததுதான்.

அடுத்தது கொழும்பில் கணினிச் சோதனை. மருந்துக் கணக்கு 15 கேள்வி, துறைசார் கேள்வி 100. படித்தால் முடியும். நான் கட்டியபோது தகைமை மதிப்பீட்டுக்கு 140 பவுண், இந்தச் சோதனைக்கு 83, கடைசிப் பதிவுக்கு 153. பொலிஸ் சான்றிதழ், காசநோய்ப் பரிசோதனை, விசா எல்லாம் கொழும்புப் பயணங்கள். இலங்கைத் தாதியர் பேரவையின் உறுதிப்படுத்தல் நேரே என்.எம்.சி.க்குப் போக வேண்டும். நாம் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் செல்லாது.

இடையில் ஒரு முகவர் ‘இடம் எடுத்துத் தருகிறேன்’ என்று என்னிடம் மூன்று லட்சம் வாங்கினார். பிறகு போனை எடுக்கவேயில்லை. பிரித்தானிய அரசின் ஆட்சேர்ப்பு நெறிமுறைப்படி, வேலை எடுத்துத் தருவதற்காகத் தாதியிடம் யாரும் காசு வாங்கக் கூடாது. கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு வேலை கிடைத்தது மருத்துவமனை நேரடியாகப் போட்ட விளம்பரத்தில்.

போய் இறங்கியதும் நீங்கள் தாதி இல்லை. பதிவு இலக்கம் வரும் வரை உதவியாளர் நிலைச் சம்பளம்தான். வேலை தொடங்கி மூன்று மாதத்துக்குள் ஓஸ்கி என்ற செய்முறைச் சோதனைக்கு முதல் தடவை தோற்ற வேண்டும். அது பத்து நிலையங்கள்: மதிப்பீடு, திட்டமிடல், செயற்படுத்தல், மீளாய்வு என்று நான்கு, கைத்திறன் நான்கு, பேச்சில்லாமல் எழுதுகிறவை இரண்டு. கட்டணம் 794 பவுண், முதல் தடவைக்கு மருத்துவமனை கட்டியது.

அங்கே வேலையைச் சரியாகச் செய்தால் மட்டும் போதாது, வாயால் சொல்லவும் வேண்டும். "நான் இப்போது கை கழுவுகிறேன். உங்கள் பெயரும் பிறந்த திகதியும் சொல்லுங்கள். ஏதாவது ஒவ்வாமை இருக்கிறதா?" ஊசி போடப் பத்து வருடக் கை இருந்தாலும் இதைச் சொல்லாவிட்டால் புள்ளி இல்லை. முதலில் நாடகம் போலிருந்தது. பிறகு விளங்கியது: பார்த்துக்கொண்டிருப்பவருக்கு என் மனதுக்குள் நடப்பது தெரியாது.

நான் தவறியது மதிப்பீட்டு நிலையத்தில். கிளினிக்கில் எனக்குப் பேர் வாங்கித் தந்த வேலையே அதுதான். நோயாளியாக நடிக்க ஒருவர் இருப்பார். மனச்சோர்வு உள்ள பெண்ணாக நடித்தவரோடு நித்திரை, சாப்பாடு, வீடு, பிள்ளைகள் என்று ஆறுதலாகக் கதைத்து வந்தேன். அவர் முகம் மாறியதைக் கண்டேன், ஆபத்து இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. மணி அடித்துவிட்டது. முடிவு வந்தபோது, உயிர்மாய்க்கும் எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தது.

அன்று இரவு நித்திரை இல்லை. வன்னியில் நாங்கள் அதைக் கேட்கிற முறை வேறு. புதுக்குடியிருப்புப் பக்கம் ஓர் அம்மா. மூத்த மகன் இல்லை. கிளினிக்குக்கு வந்தால் "நெஞ்சுக்குள்ள கல்லு வைச்ச மாதிரிக் கிடக்கு மிஸ்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லமாட்டா. ஒருநாள் சும்மா, "கோழியளுக்கு இப்ப ஆர் தீன் வைக்கிறது?" என்று கேட்டேன். "நேற்று எல்லாத்தையும் பக்கத்து வீட்டுக்குக் குடுத்திட்டன்" என்றா. கையில் இருந்த கொப்பியை மூடிவிட்டு டொக்டரைக் கூப்பிட ஓடினேன். அந்த அம்மா இன்றும் இருக்கிறா. அப்படிக் கண்டுபிடிப்பதுதான் திறமை என்று ஆறு வருடம் நினைத்திருந்தேன்.

அங்கே என்னைப் பழக்கிய மூத்த தாதியிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "கோழி இல்லாத வீட்டில் என்ன செய்வாய்?" நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பலருக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது என்று விளங்கப்படுத்தினார். அதோடு சட்டத்தையும் காட்டினார். நம் நாட்டில் 1873 ஆம் ஆண்டு மனநோய்ச் சட்டத்தைத்தான் இன்னும் திருத்தித் திருத்தி வைத்திருக்கிறோம். இங்கிலாந்தில் 1983 ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 5(4) பிரிவு, மனநலத் தாதிக்கு ஓர் அதிகாரம் தருகிறது. தானாகவே வந்து சிகிச்சை பெறும் ஒருவர் வார்ட்டை விட்டுப் புறப்படும்போது, போனால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து, மருத்துவரும் உடனே வர முடியாது என்றால், தாதி ஆறு மணித்தியாலம் வரை அவரைத் தடுத்து வைக்கலாம். வளர்ந்தோர் துறைத் தாதிக்கு அது கிடையாது. ஒருவரின் சுதந்திரத்தில் கை வைக்கிற கையெழுத்து அது. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று பதிவேட்டில் எழுத முடியாது. என்ன கேட்டேன், என்ன சொன்னார் என்றுதான் எழுத வேண்டும்.

தவறிய நிலையத்தை மட்டும் திரும்பச் செய்ய 397 பவுண், அது என் காசு. இரண்டு கிழமை அந்த ஒரு கேள்வியையே பழகினேன். ஆங்கிலத்தில் வாய்க்கு வந்தது, மனதுக்கு வரவில்லை. பிறகு முதலில் தமிழில் சொல்லிப் பார்த்தேன், தம்பியோடு போனில். "சாகவேணும் எண்டு யோசிச்சனீங்களோ?" அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அக்கா, திருப்பிக் கேள், இன்னும் மெல்லமாக் கேள்" என்றான். இரண்டாம் தடவை பாஸ். பத்து நாளில் பதிவு இலக்கம் மின்னஞ்சலில் வந்தது. முதலில் பார்த்தது என் பெயரில் அந்த எழுத்து சரியாக இருக்கிறதா என்றுதான்.

நேற்றுப் பின்னேரம் ஒரு தங்கச்சி வந்தாள், அடுத்த மாதம் அவளுக்குப் பயணம். திண்ணையில் பாய் விரித்து மதிப்பீட்டு நிலையத்தைப் பழக்கினேன். நோயாளியாக நடிக்க ஆள் இல்லை. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா, அவவையே இருத்தினோம். நித்திரை, சாப்பாடு எல்லாம் வடிவாகக் கேட்டாள். அந்தக் கேள்வி வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேள்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

அம்மா சுளகை மடியில் வைத்தா.

"யோசிச்சனான். மனிக் பாமில, கொப்பா இல்லை எண்டு தெரிஞ்ச கிழமை. நீங்கள் ரெண்டு பேரும் பக்கத்தில படுத்திருந்தியள்."

பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. நான் மனநலத் தாதி. ஒருநாளும் அவவிடம் கேட்டதில்லை. தங்கச்சி எழுதுவதை நிறுத்திவிட்டாள். அடுத்த கேள்வி என்னவென்று நான் கண்ணால் காட்டினேன்.

"இப்ப, அம்மா?" என்று கேட்டாள், இந்த முறை முகத்தைப் பார்த்து.

"இப்ப இல்லைப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு அம்மா சுளகைத் திரும்ப எடுத்தா. தங்கச்சி அதை அப்படியே கொப்பியில் எழுதினாள்.