பக்கம் காட்டு

ஹாரி பாட்டர் ஐந்தாம் புத்தகத்தில் ஒரு பழைய வீட்டைச் சுத்தம் செய்கிற காட்சி வரும். அலமாரியைக் காலி பண்ணித் தூக்கிப் போடும் சாமான்களோடு சாமானாக, யாராலும் திறக்க முடியாத கனமான லாக்கெட் ஒன்றும் வரும். அதைப் பற்றி அந்தப் புத்தகத்தில் அதற்கு மேல் பேச்சே இல்லை. அது 2003. ஆறாம் புத்தகம் 2005இல் வந்தது. அதன் முடிவில் இன்னொரு லாக்கெட் கிடைக்கிறது, அது போலி. உள்ளே ஒரு சீட்டு, கீழே ஆர்.ஏ.பி. என்று மூன்றே எழுத்து. அசல் எங்கே, யார் இந்த ஆர்.ஏ.பி. என்று தெரிய 2007 ஜூலை வரை உலகம் முழுக்கக் காத்திருந்தது.

நான் அப்போது குன்னூரில் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். கோத்தகிரி பஸ்ஸில் என்னோடு வரும் தோழி ஒருநாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்குற இடத்துல ஒரு லாக்கெட் வருமே, கவனிச்சியா?" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த வீடு ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் பிளாக்கின் குடும்பத்து வீடு. சுவரில் தொங்கும் குடும்ப மரத்தில் ரெகுலஸ் என்று ஒரு பெயர் இருக்கும், சின்ன வயதிலேயே செத்துப்போன சிரியஸின் தம்பி. ரெகுலஸுக்கு ஆர், பிளாக்குக்கு பி. புத்தகம் அந்த வாரம் வேறொருத்தியிடம் சுற்றில் இருந்தது. அது கைக்கு வந்து அந்தப் பக்கத்தை விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடித்த சாயங்காலத்தை நான் மறக்கவே மாட்டேன். எழுதியவர் நம்மை நம்பி, நம் கண் முன்னாலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஏழாம் புத்தகம் வந்தபோது நாங்கள் சொன்னதுதான் சரி என்று ஆனது. ஆனால் என் மனதில் நிற்பது அந்தத் தேடல்தான்.

எழுதியவர் ஒளித்துவைத்ததை ரசிகர்கள் இப்படி ஊகித்துச் சொல்வதைத்தான் தியரி என்கிறார்கள். இப்போது எங்கள் வீட்டில் தியரி பேசுவது நானும் என் அண்ணன் மகளும். குன்னூரில் கல்லூரி முதல் வருடம் படிக்கிறாள், பிடிஎஸ் என்ற ஏழு பேர் கொண்ட கொரியப் பாட்டுக் குழு என்றால் உயிர். நான் அரவேணு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். எடைச் சீட்டு இல்லாமல் யார் கொழுந்தையும் கணக்கில் ஏற்றுவதில்லை, தெரிந்தவர் என்றாலும் அப்படித்தான். தியரிக்கும் வீட்டில் அதே சட்டம். யார் எதைச் சொன்னாலும், எந்தப் பக்கத்தில், எந்த வரியில், வீடியோ என்றால் எந்த நொடியில் என்று காட்ட வேண்டும். "பக்கம் காட்டுங்க அத்தை" என்று அவள் கேட்டால் நான் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தே ஆக வேண்டும்.

அவள் எனக்குக் காட்டியதில் பெரியது 'ஸ்பிரிங் டே'. 2017 பிப்ரவரியில் வந்த பிடிஎஸ் பாட்டு. கேட்டால் பிரிந்துபோன நண்பனுக்கு ஏங்குகிற பாட்டு போலத்தான் இருக்கும். வீடியோவில் ஒரு தங்கும் விடுதி வரும், அதில் ஒரு பெயர்ப்பலகை. எங்கள் பக்கம் மூட்டம் இறங்கினால் சிக்னலும் இறங்கிவிடும், படம் கலங்கலாக ஓடும், எழுத்து புரியாது. ராத்திரியில் டவுன்லோடு பண்ணி வைத்து, மறுநாள் காலை அடுப்படியில் நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். ஒமேலாஸ் என்று எழுதியிருந்தது. "இது ஒரு கதையோட பேராம் அத்தை. நீங்கதான் படிச்சுச் சொல்லணும்" என்றாள்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1973இல் வெளியிட்ட சிறுகதை. கற்பனை நகரம் ஒன்று, பெயர் ஒமேலாஸ். கடலோரம், திருவிழா, குதிரைகள், எல்லாரும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை. நகரத்தில் ஒரு கட்டடத்துக்கு அடியில் ஒரு இருட்டறையில் ஒரு குழந்தை அடைந்து கிடக்க வேண்டும். அதை வெளியே கொண்டுவந்தால் எல்லாருடைய வாழ்வும் அன்றைக்கே போய்விடும். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். பெரும்பாலானவர்கள் மனதைத் தேற்றிக்கொண்டு இருந்துவிடுவார்கள். சிலர் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் ஊரைவிட்டு நடந்து போய்விடுவார்கள்.

நான் இதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தபோது அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ளைக்கு யாராச்சும் சோறு குடுப்பாங்களா?" என்று கேட்டார். நல்லவேளை, கதையில் அதற்குப் பதில் இருக்கிறது. ஒரு நாளைக்கு அரைக் கிண்ணம் சோள மாவும் கொழுப்பும். அம்மா உரிப்பதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "போறவங்க ஏன் புள்ளையையும் தூக்கிட்டுப் போகலை?" என்றார்.

அம்மா நுவரெலியா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இந்தியாவும் இலங்கையும் 1964இல் போட்ட ஒப்பந்தத்தின்படி இங்கே அனுப்பப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. கப்பலேறி ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை. ஊரை விட்டுக் கிளம்புவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். "நாங்க வரும்போது அம்மிக்கல்லைக்கூட விட்டுட்டு வர மனசு வரலை. வெறுங்கையோட ஒருத்தர் எப்படி ஊரை விட்டுப் போவாங்க?" என்றார். என் அண்ணன் மகள் அப்பாயியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதையில் நடந்து போகிறவர்களை இவ்வளவு காலமாக நல்லவர்கள் என்று மட்டும் நினைத்துப் படித்தவள் நான். அம்மா கேட்ட பிறகு அந்தக் கடைசிப் பத்தியை மறுபடி படித்தேன். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று லெ குவின் சொல்லவில்லை. தன்னால் அந்த இடத்தை விவரிக்கவே முடியாது என்கிறார்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். 2014 ஏப்ரல் 16ஆம் தேதி தென் கொரியாவில் சேவோல் என்ற கப்பல் மூழ்கியது. 304 பேர் இறந்துபோனார்கள், அதில் 250 பேர் ஒரே பள்ளிக்கூடத்து மாணவர்கள். ஜேஜு தீவுக்குச் சுற்றுலா போன பிள்ளைகள். கப்பல் சாய்ந்துகொண்டிருக்கும்போது, இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதைக் கேட்ட பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். திரும்பி வர வேண்டும் என்று ஊர் முழுக்க மஞ்சள் ரிப்பன் கட்டினார்கள். 'ஸ்பிரிங் டே' வீடியோவில் குடை ராட்டினத்தில் மஞ்சள் ரிப்பன் இருக்கிறது. கடற்கரையில் கிடக்கும் ஒரு ஜோடி ஷூவை ஒருவன் எடுக்கிறான், முடிவில் அது மொட்டை மரத்தில் தொங்குகிறது. குவியலாகத் துணிகள். இவற்றுக்கு நடுவே ஒமேலாஸ். எல்லாருடைய வசதிக்காகவும் கண்டுகொள்ளாமல் விடப்பட்ட ஒரு குழந்தையின் கதை அங்கே எதற்கு வருகிறது என்று யோசித்தால் மற்றதெல்லாம் தானாக அடுத்தடுத்து வந்து நிற்கிறது.

இதை ரசிகர்கள் சொன்னபோது குழு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பாட்டு வெளியாவதற்கு முந்தைய மாதம் அவர்களும் அவர்களுடைய நிறுவனமும் சேர்ந்து சேவோல் குடும்பங்களுக்கு 10 கோடி வோன் கொடுத்தது செய்தியில் வந்தது. 2020இல் ஒரு பேட்டியில் குழுவில் ஒருவரான ஜின், அது ஒரு சோகமான சம்பவத்தைப் பற்றியதும்தான், ஏக்கத்தைப் பற்றியதும்தான் என்கிற மாதிரி பதில் சொன்னார். பெயர் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. பாட்டில் பெயரைப் போட்டிருந்தால் அது அந்தக் குடும்பங்களுக்கு மட்டுமான பாட்டாகியிருக்கும். இப்போது யாரை இழந்தவரும் உள்ளே வந்து உட்காரலாம், தேடிப் பார்ப்பவருக்கு அந்த 250 பேரும் அங்கே இருக்கிறார்கள்.

தியரி தோற்றாலும் எனக்கு வருத்தமில்லை. அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2020 ஜூலையில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று இரண்டு ஆல்பம் போட்டார். முதல் ஆல்பத்தின் ஒரு அட்டையில் 'வுட்வேல்' என்ற சொல் மங்கலாகத் தெரிந்தது. அப்படியானால் மூன்றாவது ஆல்பம் வருகிறது, அதன் பெயர் இதுதான் என்று ரசிகர்கள் முடிவு கட்டினார்கள். அவரே டிவியில் வந்து விளக்கினார். முதல் ஆல்பத்தின் பெயர் வெளியே தெரியாமல் இருக்க வைத்துக்கொண்ட ரகசியப் பெயர் அது, அட்டையில் தவறிப்போய் நின்றுவிட்டது. மூன்றாவது ஆல்பம் இல்லை. ஆனாலும் அந்த ரசிகர்கள் பார்த்தது பொய் கிடையாது, எழுத்து அட்டையில் இருந்தது. அது போதும்.

எனக்குப் பிடிக்காத வகை வேறு. 1969இல் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி செத்துவிட்டார், வேறொருவர் அவர் வேஷத்தில் இருக்கிறார் என்று அமெரிக்காவில் ஒரு புரளி கிளம்பியது. 'ஆபி ரோடு' ஆல்பத்தின் அட்டையில் அவர் மட்டும் பிணம்போல வெறுங்காலோடு நடக்கிறார், கார் நம்பரில் 28 இருக்கிறது, உயிரோடிருந்தால் அதுதான் அவர் வயது என்று ஆதாரம் வேறு. அந்த மனிதர் ஸ்காட்லாந்தில் தன் பண்ணையில் மனைவி குழந்தைகளோடு இருந்தார், 'லைஃப்' பத்திரிகை போய்ப் படமெடுத்துப் போட்டது. அப்போதும் சிலர் விடவில்லை. எதைக் காட்டினாலும் அதையும் ஆதாரமாக்கிக்கொள்ளும் தியரியோடு யாரும் பேச முடியாது. அதைவிட முக்கியம், அது ஒரு உயிருள்ள மனிதரைப் பற்றியது. அண்ணன் மகளின் வகுப்பில் அந்த ஏழு பேரில் யார் யாரைக் காதலிக்கிறார் என்று விரல் அசைவு, கண் அசைவெல்லாம் வைத்துப் பேசுகிறார்களாம். அவள் அந்தப் பேச்சில் உட்காருவதில்லை. எனக்கு அதில் ரொம்பப் பெருமை. பாட்டை எவ்வளவு வேண்டுமானாலும் தோண்டலாம், பாடுகிறவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்க நமக்கு உரிமையில்லை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையில் வரும் ஜான் ஸ்னோவின் அம்மா யார் என்று இருபது வருடம் சண்டை போடலாம், போட்டார்கள். ஜான் ஸ்னோவுக்கு அதனால் நோகாது.

இப்போது வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது பொன்னியின் செல்வன். நம் ஊர் தியரிகளுக்கெல்லாம் தாய் அதுதானே, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்துவிடுகிறது. இருட்டில் நந்தினி இருக்கிறாள், ரவிதாசன் கூட்டம் இருக்கிறது, பெரிய பழுவேட்டரையர் இருக்கிறார். கடைசியில் பழுவேட்டரையர் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். நாவலுக்கு வெளியே ஒரு கல்வெட்டு வேறு. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன் ஆகியோர் பெயர்களைச் சொல்லி, அவர்கள் உறவினர்களின் நிலங்களைப் பறித்ததைச் சொல்கிறது. வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன்மேல் சந்தேகப்பட்டார், சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார்.

என் தியரி இது. கல்கிக்கு அந்தக் கல்வெட்டு தெரியும், அதில் உள்ள பெயர்களையே சதிகாரர்களுக்கு வைத்திருக்கிறார். அப்படியிருக்க, கதையை எங்கே தொடங்குகிறார்? வீராணம் ஏரிக்கரையில். வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான், அடுத்து ஆழ்வார்க்கடியானைச் சந்திக்கும் வீரநாராயணபுரம் இன்றைய காட்டுமன்னார்கோயில்தான். அன்று ராத்திரியே கடம்பூர் போய்விடுகிறான், பின்னால் கொலை நடக்கப்போகும் அதே மாளிகை. கொலைகாரர்களின் பெயர் கல்லில் இருக்கும் ஊரையும் கொலை நடக்கும் இடத்தையும் முதல் நாளிலேயே கதாநாயகன் தாண்டிப் போகிறான். கல்கி யோசிக்காமல் இதைச் செய்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. நாவலுக்குள் விளக்கை அணைத்தவர், வெளியே பதிலை வழியிலேயே வைத்துவிட்டார்.

அண்ணன் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஏரி நிறைஞ்சு இருக்குற காட்சி வேணும், அதுக்காகத்தான் வீராணம். கல்வெட்டுக்காகன்னா கோயில் பேரை ஒரு தடவையாவது சொல்லியிருப்பார்ல? அனந்தீசுவரர்னு எங்க வருது, பக்கம் காட்டுங்க" என்கிறாள். சரியான கேள்வி. ஐந்து பாகத்தையும் மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன், ஒற்றைப்படைப் பாகங்கள் எனக்கு, இரட்டைப்படை அவளுக்கு. வந்தால் நான் ஜெயித்தேன். வராவிட்டால், ஏரியில் தொடங்கித்தான் ஆக வேண்டும் என்பதற்கு அவள் எனக்குக் காரணம் காட்ட வேண்டும். அதே ஆடிப்பெருக்கில் காவிரிக் கரை முழுக்கத் தண்ணீர் இருந்ததே.