கொருக்குப்பேட்டை வரைபடம் திறக்க ஏன் அவ்வளவு நேரம் ஆனது

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வடசென்னைக்கு ஒரு வெள்ள வரைபடம் போட ஆரம்பித்தோம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று தெருத் தெருவாகப் போய், சுவரில் தண்ணீர் நின்ற கறையை டேப் பிடித்து அளந்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவசப் பொது வரைபடத்தின் கட்டடங்களோடு சேர்த்து, தரவை வரைபடமாக வரைந்து அனுப்பும் ஜியோசர்வர் என்ற மென்பொருளில் ஏற்றினோம். முதல் தடவையாக கேப்டன் காட்டன் கால்வாய் ஓரம் குடியிருக்கும் ஒரு அக்காவிடம் அவர் போனிலேயே திறந்து காட்டினேன். கட்டம் கட்டமாக வெறும் வெள்ளை. விரலால் தள்ளினார், மறுபடியும் வெள்ளை. "இன்னா தம்பி, எங்க தெருவையே காணோம்" என்று போனை என்னிடம் நீட்டினார். எனக்கு மனசே ஆறவில்லை.

சர்வரின் ரேமை, அதாவது நினைவகத்தைக் கூட்டு என்றார்கள். கூட்டினோம், சர்வர் வாடகைதான் ஏறியது.

அப்புறம்தான் எங்கள் தரவு இருக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில், படத்துக்காக சர்வர் கேட்கும் வினவலுக்கு முன்னால், அது எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளைன் அனலைஸ் கட்டளையைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். 'சீக் ஸ்கேன்' என்று வந்தது, அதாவது ஒவ்வொரு டைலுக்கும் (படத்தின் ஒவ்வொரு சதுரத் துண்டுக்கும்) அட்டவணையை முதலிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் தரவு யூடிஎம் 44 வடக்கு மண்டலம் என்ற ஆயத்தொலைவு முறையில் இருந்தது, அதன் இபிஎஸ்ஜி குறியீட்டு எண் 32644. இணைய வரைபடம் கேட்பது 3857 என்ற எண்ணுள்ள வேறொரு முறை. நான் ஒரு வியூ (சேமித்து வைத்த வினவல்) எழுதி, ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் எஸ்டி டிரான்ஸ்ஃபார்மை அதற்குள்ளேயே போட்டிருந்தேன். தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் பழைய ஆயத்தொலைவில் இருக்க, தேடல் மாற்றிய ஆயத்தொலைவில் நடக்க, அந்த இண்டெக்ஸ் எதற்கும் உதவவில்லை. ஒரே தடவை மாற்றிப் புது அட்டவணையில் வைத்து, இடத்தை வைத்துத் தேட உதவும் ஜிஸ்ட் வகை இண்டெக்ஸ் போட்டு, தரவின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டியதும் நெருங்கிப் பார்க்கும்போது படம் சட்டென்று வந்தது. விலகிப் பார்த்தால் மட்டும் பழைய கதைதான்.

அதற்குக் காரணம் வேறு. ஜூம் 12-இல் (எண் கூடக் கூட நெருங்கிய பார்வை), சென்னை இருக்கும் 13 டிகிரி அட்சரேகையில், ஒரு பிக்சல் என்பது தரையில் சுமார் 37 மீட்டர். கொருக்குப்பேட்டைச் சந்துகளுக்குள் போனவர்களுக்குத் தெரியும், அந்த அளவு இடத்தில் சுவரோடு சுவர் ஒட்டி முப்பது வீடாவது இருக்கும். சர்வர் அந்த முப்பதுக்கும் உள்நிறம் பூசி, ஓரக்கோடு இழுத்து, எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்குள் கொட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வரையத்தான் அத்தனை உழைப்பும்! எதை எப்படி வரைய வேண்டும் என்று சொல்லும் ஸ்டைலில் அளவுகோல் வரம்பை 1:20000 என்று வைத்தேன், ஜூம் 15 வந்தால்தான் தனித்தனி வீடு. அதற்கு மேலே விலகினால், வீடுகளைச் சேர்த்துக் கட்டிய தெருத் தொகுதிகள் மட்டும். என் அனுபவத்தில் இண்டெக்ஸைவிட இதுதான் பெரிய வித்தியாசம் செய்தது, இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

வெள்ளம் நின்ற பரப்பு இன்னொரு தலைவலி. அது மொத்தமும் ஒரே பாலிகன் (மூடிய பல்கோண உருவம்), லட்சக்கணக்கில் முனைகள். எந்த மூலையைக் கேட்டாலும் முழுசையும் தூக்கிக்கொண்டு வரும், ஏனென்றால் அதைச் சுற்றிய செவ்வகமான எல்லைப் பெட்டி ஊரையே மூடுகிறது. எஸ்டி சப்டிவைட் என்ற போஸ்ட்ஜிஐஎஸ் கட்டளையை வைத்து 256 முனைக்கு மேல் போகாத துண்டுகளாக வெட்டினேன். வெட்டிய இடமெல்லாம் கோடு தெரிந்தது, கால்வாய்க்குக் குறுக்கே சுவர் கட்டிய மாதிரி. அதனால் துண்டுகளுக்கு ஓரக்கோட்டை எடுத்துவிட்டு, கரையை மட்டும் தனி லேயராக வரைகிறோம்.

ஒருமுறை வரைந்த டைலைச் சேமித்து வைக்கும் கேஷ் பற்றி எங்களுக்குள் நிறைய வாக்குவாதம். எல்லாவற்றையும் முன்கூட்டியே டைலாக்கி வைத்தால் வேகம் வரும், சரி. ஆனால் ஒரு ஜூம் கூடினால் டைல் எண்ணிக்கை நாலு மடங்காகும், அதுகூடப் பரவாயில்லை. தண்ணீர் ஏறிய தெருவைப் பழைய டைல் காய்ந்த தெருவாகக் காட்டினால், அதை நம்பி ஒருவர் குழந்தையோடு இறங்கிவிடுவார். அதனால் கட்டடமும் சாலையும் மட்டும் ஜியோசர்வரோடு வரும் ஜியோவெப்கேஷ் என்ற கேஷில், ஜூம் 11 முதல் 16 வரை. வெள்ள லேயருக்குக் கேஷே கிடையாது, பிரவுசரிலும் தேங்காதபடி அமைத்திருக்கிறோம்.

மறுபடி அந்த அக்காவிடம் போனேன். அதே போன். தெரு வந்தது, அவர் வீடும் வந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர், "இங்க முட்டி அளவு இல்ல தம்பி, இடுப்பு அளவு நின்னுச்சு" என்று சுவரைக் காட்டினார். கறைக்கு மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், போன முறை நாங்கள் கவனிக்கவில்லை. அங்கேயே நின்று திருத்தினேன். அவர் படத்தைத் தள்ளிவிட்டுத் திரும்ப இழுத்தபோது வீடு அடர்நீலமாகியிருந்தது, உடனே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.