காலிப்பர் ஸ்லைடு பின் ஒருவழியாக வெளியே வந்தது

காரின் வலது முன் சக்கரத்தில் பிரேக் பேடுகளை அழுத்தும் காலிப்பரின் கீழ் ஸ்லைடு பின் இப்போது மேஜைமேல் கிடக்கிறது. பாதிக்கு மேல் துரு, மீதி இடத்தில் காய்ந்து கெட்டியாகிப்போன பழைய கிரீஸ். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது பிராக்கெட் வாங்கிவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு பின்னுக்காக முழு பிராக்கெட்டா என்ற வீம்புதான் இவ்வளவு நாள் இழுத்தது. வீம்பு ஜெயித்துவிட்டது, அதனால் இந்தப் பதிவு.

பேடு மாற்றத்தான் சக்கரத்தைக் கழற்றினேன். வலது பக்கத்தில் உள் பேடு தகடு தெரியப்போகும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, வெளிப் பேடில் பாதிக்கு மேல் மிச்சம். அதிலும் உள் பேடு சீராகத் தேயவில்லை. ஒரு முனை தடிப்பு, மறு முனை மெலிவு. இடது பக்கப் பேடுகள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இதைப் பார்த்த பிறகு பேடைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரில் பிஸ்டன் இருப்பது உள்பக்கம் மட்டும்தான். அது உள் பேடை டிஸ்க்கில் அழுத்தும்; அந்த அழுத்தத்தின் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் ஸ்லைடு பின்கள்மேல் நகர்ந்து வெளிப் பேடை இழுத்து அழுத்த வேண்டும். பின் இறுகிவிட்டால் காலிப்பர் நகராது, மொத்த வேலையும் உள் பேடின் தலையில். ஒரு பின் மட்டும் இறுகினால் காலிப்பர் கோணலாகும், பேடும் கோணலாகத் தேயும். பிஸ்டன் இறுகினாலும் உள் பேடு சீக்கிரம் தேயும் என்பதால் அதையும் பார்த்தேன். சி-கிளாம்ப் வைத்துத் தள்ளியதும் மெதுவாக, தடங்கல் இல்லாமல் உள்ளே போனது. அப்படியானால் திருடன் பின்தான்.

பேடு ஒரு பக்கமாகத் தேய்கிறதென்றால் உடனே பேடைத் திட்டி, இன்னும் விலை கூடிய பேடாக வாங்கி மாட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். புதுப் பேடும் அதே பிராக்கெட்டில்தானே உட்காரப்போகிறது? பழைய பேடு எப்படித் தேய்ந்திருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். அதைக் குப்பையில் போடும் முன் ஒரு போட்டோவாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றும் முன்பே ஒரு சந்தேகம் இருந்தது. சும்மா ஓட்டிவிட்டு வந்து இன்ஃப்ராரெட் வெப்பமானியைக் காட்டினால் வலது டிஸ்க் இடதைவிட எப்போதும் சூடாக இருந்தது. இந்தக் கருவியை நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள். பளபளப்பான டிஸ்க் பரப்பில் அது உண்மையைவிடக் குறைத்துத்தான் காட்டும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் காட்டி வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். அந்த அளவுக்கு நல்ல கருவி.

ஜாக்கி, ஸ்டாண்டு, காலிப்பரைக் கம்பியில் தொங்கவிடுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. நேராக விஷயத்துக்கு வருகிறேன். மேல் பின் கையாலேயே உருவ வந்துவிட்டது. கீழ் பின் அசையவே இல்லை. அதை மூடியிருக்கும் ரப்பர் உறையின், அதாவது பூட்டின் (boot), மடிப்பில் ஒரு சின்னக் கிழிசல், அவ்வளவுதான். அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போய்த் துருப்பிடித்திருக்கிறது. சக்கரம் கழற்றும்போதெல்லாம் பூட்டை விரலால் விரித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இவ்வளவு தூரம் வராது.

முதல் தொல்லை, காலிப்பர் போல்ட்டைக் கழற்றும்போது பின்னைச் சுற்றாமல் பிடித்துக்கொள்வது. பின்னின் தலையில் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான இடம் இருக்கும், ஆனால் பூட்டுக்கும் காலிப்பருக்கும் நடுவே சாதாரண ஸ்பேனர் நுழையாது. சைக்கிள் ஹப்புக்கு வைத்திருக்கும் மெல்லிய கோன் ஸ்பேனர் இங்கே கச்சிதமாகப் போகிறது. பெரிய விசை கொடுத்தால் அது வளைந்துவிடும். பிடித்துக்கொள்ள மட்டும் வைத்துக்கொண்டு, திருப்புகிற வேலையைப் போல்ட் பக்கம் செய்ய வேண்டும்.

அடுத்து, காரில் வைத்தபடியே பின்னோடு மல்லுக்கட்டுவதை நிறுத்தினேன். பிராக்கெட்டின் இரண்டு பெரிய போல்ட்டையும் எடுத்து, பிராக்கெட்டை வைஸில் பிடித்ததும் உலகமே மாறிவிட்டது. இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கிறது, சூடு காட்டினாலும் பக்கத்தில் ரப்பர் ஹோஸோ பிரேக் ஆயிலோ இல்லை. பூட்டை அறுத்து எடுத்துவிட்டேன், எப்படியும் புதிதுதான் போடப்போகிறோம். துருவிளக்கி எண்ணெய் ஊற்றுவதும் அதற்குப் பிறகுதான். பூட் இருக்கும்போது மேலே ஊற்றுவது வெறும் மனத்திருப்தி. பிராக்கெட்டைத் துளை மேல்நோக்கி இருக்குமாறு நிறுத்தி, பின்னைச் சுற்றி எண்ணெய் தேங்குகிற மாதிரி ராத்திரி முழுக்க விட்டேன்.

அடுத்த நாள் ஹீட் கன். சூடு காட்ட வேண்டியது பின்னுக்கு அல்ல, துளையைச் சுற்றியுள்ள பிராக்கெட்டின் உருளைப் பகுதிக்கு. அது விரியும்போது பின்னை விட்டு ஒரு மயிரிழை விலகும். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தெளித்த பாகத்தைச் சூடாக்காதீர்கள். சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறக்கூடியது. டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தெளியுங்கள். துருவிளக்கி எண்ணெயும் தீப்பிடிக்கும் சரக்குதான், அதனால் வழிந்ததைத் துடைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்தேன்.

சூட்டோடு ஸ்பேனர் போட்டு இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தேன். இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்: முதலில் சுழல வைக்க வேண்டும், இழுப்பது அப்புறம். சுழலாத பின்னை இழுத்தால் தலைதான் கையோடு வரும். ஒரே பக்கமாகத் திருகினாலும் துரு உருண்டு இன்னும் இறுகும். கொஞ்சம் அசை, எண்ணெய் விடு, சூடு காட்டு, மறுபடி அசை. முதலில் கீச்சென்ற சத்தம், பிறகு பழுப்பாக ஒரு குழம்பு வழிந்தது, அதற்குப் பிறகு முழுச் சுற்று சுழல ஆரம்பித்தது. சுழல்கிறதே தவிர வெளியே வரவில்லை! துளை ஒரு பக்கம் அடைத்தது, அடியில் காற்றுக்கு வழியில்லை, நடுவில் ஒரு துரு வளையம் வேறு.

அப்போது செய்த புல்லர்தான் இந்தப் பதிவுக்கே காரணம். பின்னின் உள்ளே காலிப்பர் போல்ட் ஏறும் மரை இருக்கிறதல்லவா, அதே மரை அளவில் நீளமான போல்ட் ஒன்று, முழு நீளமும் மரை உள்ளதாக எடுத்தேன். பின்னின் தலை உள்ளே அடங்கும் அளவுக்கு அகலமான ஆழமான சாக்கெட் ஒன்றை, வாய் பிராக்கெட்டில் உட்காரும்படி பின்மேல் கவிழ்த்தேன். போல்ட்டில் முதலில் நட்டு, அப்புறம் தடித்த வாஷர், இதைச் சாக்கெட்டின் சதுரத் துளை வழியாக விட்டுப் பின்னில் நன்றாக ஆழமாக முறுக்கியாயிற்று. இப்போது நட்டை வாஷர்மேல் இறுக்க இறுக்கப் பின் மேலே வர வேண்டும். நாலு மரை மட்டும் பிடித்திருந்தால் மரை உருவிக்கொண்டு வந்துவிடும், அதனால் போல்ட் அடிவரை இறங்கியதா என்று பாருங்கள். நட்டுக்கு அடியில் கொஞ்சம் கிரீஸ் போட்டால் கைக்கு லேசாக இருக்கும்.

நட்டை மட்டும் நம்பி இறுக்கிக்கொண்டே போகக் கூடாது. ஓரளவு இழுவை வந்ததும் நிறுத்திவிட்டு, பிராக்கெட்டின் உருளைப் பகுதியைச் சின்ன சுத்தியலால் சுற்றிலும் தட்டினேன். ஓங்கி அடிக்கவில்லை, டொக் டொக் என்று மட்டும். தட்டியதும் இழுவை தளரும், மறுபடி நட்டை இறுக்கலாம். தளர்கிறது என்றாலே பின் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதே பின்னைப் பக்கவாட்டில் அடிக்கிறவர்கள் உண்டு. பின் வளையும், அது வளைந்தது தெரியாமல் மறுபடி மாட்டினால் பிரச்சினை அதேதான். துரு வளையத்தைத் தாண்டியதும் மீதி நீளம் விரலாலேயே வந்துவிட்டது. அந்த நேரத்து சந்தோஷத்தை இந்த வேலை செய்தவர்களிடம் விளக்க வேண்டியதில்லை, செய்யாதவர்களிடம் விளக்க முடியாது.

துளையைச் சுத்தம் செய்ய வட்டமான பித்தளை வயர் பிரஷ் போதும், கையாலேயே. டிரில்லில் மாட்டி எமரி தாள் ஓட்டினால் துளை பெரிதாகி, அப்புறம் பின் கடகடவென்று ஆடும். பிரேக் கிளீனர் விட்டு, துணி சுற்றிய குச்சியால் துடைத்து, துணி சுத்தமாக வரும்வரை. கிரீஸ் போடாத புதுப் பின்னை மேலிருந்து விட்டால் தன் எடையிலேயே அடிவரை இறங்க வேண்டும். இறங்கியது. பேடின் காதுகள் உட்காரும் இடத்திலும் கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். கிளிப்புக்கு அடியில் துரு உப்பி அதைத் தூக்கிவிட்டிருந்தால், பின் எவ்வளவு வழுக்கினாலும் பேடு சிக்கிக்கொள்ளும்.

கிரீஸ் விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கும் குணம் கிடையாது. பேரிங்குக்கு வைத்திருக்கும் சாதாரண லித்தியம் கிரீஸ் இங்கே வேண்டாம். அது பெட்ரோலியச் சரக்கு. இந்தப் பூட்டுகளும், சில பின்களின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர், பெட்ரோலியம் பட்டால் ஊதிப்போகும். ஊதிய புஷ் துளையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், துரு இல்லாமலேயே பின் ஜாம். பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ்தான். சொட்டவிட்ட துருவிளக்கி எண்ணெயும் பெட்ரோலியம் என்பதால் அதன் மிச்சம் துளையில் இருக்கக் கூடாது.

அளவும் முக்கியம். பின்மேல் மெல்லிய பூச்சு போதும். துளையின் அடியை கிரீஸால் நிரப்பினால் பின் கடைசிவரை இறங்காது, தள்ளத் தள்ளத் திரும்பி வரும். சரியாகப் போட்டாலும் அடியில் சிக்கிய காற்று பின்னை மெதுவாக வெளியே தள்ளும். பூட்டின் உதட்டை மொட்டையான ஸ்குரூடிரைவரால் லேசாகத் தூக்கினால் புஸ்ஸென்று காற்று போய்விடும், பின் இருந்த இடத்தில் நிற்கும். ரப்பர் புஷ் உள்ள பின் மேலா கீழா என்பது காலிப்பருக்குக் காலிப்பர் மாறும். கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள், மாற்றிப் போட்டால் ஏற்படும் தொந்தரவு சில மாதம் கழித்துத்தான் தெரியும்.

பாகம் வாங்குவது பற்றி. வெறும் பூட் மட்டும் உள்ள கிட்டும் உண்டு, பின்னோடு வரும் கிட்டும் உண்டு. படத்தைப் பார்த்து ஆர்டர் போடாமல் பட்டியலைப் படியுங்கள். ஒரே மாடல் காரிலேயே வருஷத்துக்கு வருஷம் காலிப்பர் தயாரிப்பாளர் மாறியிருப்பார், பின்னின் விட்டமும் நீளமும் வேறு. சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்பது நல்லது, அதோடு பழைய பின்னை வெர்னியரில் அளந்து வைத்துக்கொண்டால் பார்சல் வந்ததும் சண்டை போட வசதி. கிட்டோடு வரும் சின்னக் கிரீஸ் பாக்கெட் ஒரு காலிப்பருக்குத் தாராளம்.

வலது பக்கம் பொருத்தியாயிற்று. போல்ட்டுகளை மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கே இறுக்கினேன். ஸ்லைடு பின் போல்ட் சின்னது, வேகத்தில் முறுக்கினால் மரை போய்விடும். காரை நகர்த்தும் முன் பெடலை இறுகும்வரை மிதித்துப் பிஸ்டனைப் பேடுக்குக் கொண்டுவந்தேன். இதை மறந்தால் முதல் பிரேக் இருக்காது. பேடு பதியும்வரை கடுமையாகப் பிரேக் பிடிக்காமல் ஓட்டிவிட்டு வெப்பமானியைக் காட்டினேன், இரண்டு பக்கமும் இப்போது கிட்டத்தட்ட ஒரே சூடு.

இடது பக்கம் இன்னும் கழற்றவில்லை. பூட் கிட் வந்து சேரட்டும். அதற்குள் மண்டையில் பிரேக் ஆயில் ஓட ஆரம்பித்துவிட்டது. டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் தண்ணீர் உறிஞ்சியதும் குறைந்தபட்சம் 155 என்றுதான் தரக்கணக்கே சொல்கிறது. ஒட்டிப்போன பிரேக் இவ்வளவு நாள் சூட்டைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது, ஆயிலின் நிறமும் தேநீர் மாதிரி ஆகிவிட்டது. மாற்றலாம் என்றால், பழைய ஆயிலை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள் நான்கில் பின்பக்க இடது நிப்பிள் துருப்பிடித்து நிற்கிறது. அறுகோணப் பிடி உள்ள ஆறுமுனை சாக்கெட்டால்தான் தொடப்போகிறேன், பன்னிரண்டு முனை சாக்கெட் பக்கமே போக மாட்டேன். அதன்மேல் துருவிளக்கி எண்ணெய் இப்போதே ஊற்றி வைத்துவிட்டேன்.