இரவல் வாங்கின இடம்

கிளிநொச்சியில கணினி திருத்திற என்னட்ட அடிக்கடி வாற கேள்வி: "அண்ணை, காலமை நல்லா ஓடுது, பின்னேரம் இறுகிப்போகுது. ராம் கூட்டுவமே?"

சிலவேளை ராமில, அதாவது கணினியின்ர தற்காலிக நினைவகத்தில, பிழையில்லை. மென்பொருள் நினைவகத்தை இரவல் வாங்கிப்போட்டுத் திருப்பிக் குடுக்கிறேல்லை. அதுதான் மெமரி லீக். லினக்ஸ் இயங்குதளத்தின்ர மையப்பகுதியான கேர்னலுக்குள்ள இந்தப் பிழை இருந்தால் இன்னும் மோசம்: புரோகிராமை மூடினாலும் அந்த இடம் திரும்பாது. ஒருத்தன் வேணுமெண்டு அந்தப் பிழையைத் திரும்பத் திரும்பத் தூண்டினால் சேர்வரே விழுந்துபோகும். (2014இல வந்த ஹார்ட்பிளீட் எண்ட பாதுகாப்புப் பிழை வேற வகை. அது நினைவகத்தில கிடந்ததை ஒருதரத்துக்கு 64 கிலோபைட் வரை வெளியில விட்டது, கடவுச்சொல்லும் சேர்த்து.)

இப்பிடியான பிழையளைத் திருத்திறது அப்டேற்தான்; டேட்டா முடியுமெண்டு அதை நிப்பாட்டி வைக்காதேங்கோ. கேர்னல் அப்டேற் இறக்கினாப்பிறகு ஒருக்கா றீபூட் பண்ணுங்கோ. அதுவரைக்கும் ஓடுறது பழைய கேர்னல்தான்.