பெயரடையும் அதன் வாலும்: இங்கிலீஷ் நோட்டு இதுவரை வந்த தூரம்

மார்கழியில் ஆரம்பித்த நோட்டு இது. இங்கிலீஷில் ஒரு அட்ஜெக்டிவை, அதாவது பெயரடையை, தனியாகப் படிப்பதில்லை, அதற்குப் பின்னால் வரும் ப்ரிபொசிஷனையோ ('ஆஃப்', 'அட்' மாதிரி சின்னச் சொல்) கன்ஜங்ஷனையோ ('தட்', 'அண்ட்' மாதிரி இணைப்புச் சொல்) சேர்த்து ஒரே சொல்லாகத்தான் எழுதிக்கொள்வது என்று வைத்திருக்கிறேன். 'அஃப்ரெய்ட்' என்று ஒரு சொல் என் நோட்டில் கிடையாது, 'அஃப்ரெய்ட் ஆஃப்' உண்டு. அதே மாதிரி 'குட் அட்', 'ப்ரௌட் ஆஃப்', 'இன்டரஸ்டட் இன்', 'மேரீட் டு'. ஒவ்வொரு சின்னச் சொல்லுக்கும் இரண்டு மூன்று பக்கம் ஒதுக்கினேன். 'ஆஃப்' பக்கம்தான் சீக்கிரம் நிரம்பியது: ஃபாண்ட், டயர்ட், ஃபுல், அவேர், கேப்பபிள், அஷேம்ட், ஜெலஸ் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

செங்கோட்டையிலிருந்து பாவூர்சத்திரத்துக்கு ரயிலில் போய்வரும் நேரம்தான் இதற்குக் கிடைக்கிறது. வேலை காய்கறிக் கமிஷன் கடையில் கணக்கு. லோடு புளியரை தாண்டி, ஆரியங்காவு வழியாகப் புனலூர், கொல்லம் என்று போகும், அதனால் பகல் பூராவும் போனில் மலையாளம். செங்கோட்டை 1956 வரை திருவாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர், எங்கள் கடைத்தெருவுக்கு மலையாளம் புதிதே இல்லை. இந்த இரண்டு மொழிக்கு நடுவில் இருப்பது இங்கிலீஷ் படிக்க இவ்வளவு உதவும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கோபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு 'அவன் மேல் கோபம்'. அந்த 'மேல்' அப்படியே 'ஆன்' ஆகி, எங்கள் பக்கம் பலர் வாயில் 'ஆங்ரி ஆன் ஹிம்' என்று வரும். இங்கிலீஷில் ஆள் என்றால் 'ஆங்ரி வித்', விஷயம் என்றால் 'ஆங்ரி அபௌட்'. கோபப்படுகிற ஆளோடு என்ன 'வித்' என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, புனலூர்க் கடைக்காரர் ஒருவர் லாரி டிரைவரைப் பற்றி போனில் சொன்னார்: "எனிக்கு அவனோடு தேஷ்யம் ஒந்நுமில்ல அண்ணாச்சி." அவனோடு! மலையாளத்தில் கோபத்துக்கு 'ஓடு'தான். இங்கிலீஷின் 'வித்' அன்றைக்கே மனதில் உட்கார்ந்துவிட்டது. பொறாமையும் நமக்கு 'மேல்', மலையாளத்தில் 'ஓடு'. ஆனால் இங்கிலீஷ் அங்கே 'ஜெலஸ் ஆஃப்' என்று வேறு பக்கம் போய்விடுகிறது.

பயம் இன்னும் நல்ல உதாரணம். நாம் 'நாயைக் கண்டால் பயம்' என்போம், 'போலீசுக்குப் பயப்படுவான்' என்போம். மலையாளி 'எனிக்கு நாயயெ பேடியாணு' என்று இரண்டாம் வேற்றுமையில் நேராகச் சொல்லிவிடுவார். இங்கிலீஷ்காரர் 'அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்'. நாய் ஒன்று, பயம் ஒன்று, உருபு மட்டும் மொழிக்கு மொழி வேறு. நம் உருபை இங்கிலீஷுக்கு மாற்றிப் போட்டால் சரியாக வரும் என்று நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. அந்தச் சின்னச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது நாமும் இல்லை, அர்த்தமும் இல்லை, பெரும்பாலும் அந்த அட்ஜெக்டிவ்தான். நோட்டில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

இதே 'அஃப்ரெய்ட்'டுக்கு முழுப் பக்கம் ஒன்று எழுதினேன், ஏனென்றால் அது மூன்று விதமாகத் தொடர்கிறது. பாலத்தில் நிற்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். 'ஷி இஸ் அஃப்ரெய்ட் டு கிராஸ்' என்றால் பயத்தில் கடக்கத் தயங்குகிறாள். 'ஷி இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்' என்றால் விழுந்துவிடுவோமோ என்று பயம். இந்த இரண்டாவது இடத்தில் 'டு ஃபால்' போடக்கூடாது, ஏனென்றால் விழுவது அவள் முடிவு செய்து செய்கிற காரியம் இல்லை, தானாக நடந்துவிடுவது. நாமாகச் செய்வதற்கு 'டு'வும் வரும், 'ஆஃப்' போட்டு 'இங்'கும் வரும். நம்மை மீறி நடப்பதற்கு 'ஆஃப்' போட்டு 'இங்' மட்டும்தான். மூன்றாவது, 'ஷி இஸ் அஃப்ரெய்ட் தட் த பிரிட்ஜ் வில் பிரேக்'. இங்கே பின்னால் ஒரு முழு வாக்கியமே வருகிறது, 'ஆஃப்' காணாமல் போய்விட்டது.

அந்தக் காணாமல் போவதில்தான் ரொம்ப நாள் நின்றேன். பக்கத்து வீட்டு அக்கா பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார், அவரிடம் நோட்டைக் காட்டி, "அக்கா, 'ப்ரௌட் ஆஃப் ஹர்' சரி, அப்போ 'ப்ரௌட் ஆஃப் தட் ஷி பாஸ்ட்'னு ஏன் சொல்லக்கூடாது?" என்று கேட்டேன். "தட் வந்தா ஆஃப் எந்திரிச்சுப் போயிடும் தம்பி, ரெண்டும் ஒரே நாற்காலியில உக்காராது," என்றார். இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படிக்கவில்லை. 'ப்ரௌட் தட் ஷி பாஸ்ட்', 'அவேர் தட் இட் இஸ் லேட்', 'ஷ்யூர் தட்', 'சாரி தட்', 'க்ளாட் தட்'. பேச்சில் அந்த 'தட்'டும் விழுந்துவிடும்: 'ஐ ஆம் க்ளாட் யூ கேம்'. ஆனால் 'வாட்', 'ஹௌ' மாதிரி கேள்விச் சொல்லில் தொடங்கும் வாக்கியம் வந்தால் ப்ரிபொசிஷன் இருந்த இடத்திலேயே இருக்கலாம்: 'அவேர் ஆஃப் வாட் ஹேப்பண்ட்'. 'ஆஃப்'பையும் விடக்கூடாது, 'தட்'டும் வேண்டும் என்றால் நடுவில் 'த ஃபேக்ட்' என்று ஒன்றைச் செருகி 'அவேர் ஆஃப் த ஃபேக்ட் தட்' என்று எழுதுகிறார்கள். ஆபீஸ் கடிதங்களில் இது நிறைய வருகிறது. சரியான இங்கிலீஷ்தான், ஆனால் கனம் அதிகம், எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லா அட்ஜெக்டிவும் 'தட்' வாங்காது என்பதும் எழுதி எழுதித்தான் புரிந்தது. மனதில் ஒன்றை நினைக்கிற, உணர்கிற சொற்கள் வாங்குகின்றன: சந்தோஷம், வருத்தம், பயம், பெருமை, நிச்சயம், ஆச்சரியம். நாமும் இங்கேயெல்லாம் 'என்று' போட்டுப் பேசுகிறோம், 'பாஸாயிட்டாள் என்று பெருமை', 'வரமாட்டானோ என்று பயம்'. 'ஃபாண்ட்', 'ஃபுல்' இரண்டுக்கும் 'தட்' கிடையாது, அவை 'ஆஃப்'போடு நின்றுவிடும்.

இதற்கெல்லாம் நல்ல துணை, படிப்பவர்களுக்கென்றே செய்த அகராதி. ஜப்பானில் இங்கிலீஷ் கற்பித்துக்கொண்டிருந்த ஏ. எஸ். ஹார்ன்பி தன் கூட்டாளிகளோடு சேர்ந்து செய்த அகராதி 1942இல் டோக்கியோவில் வந்தது, அதையே 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரியின் மூலம் அதுதான். அதில் ஒரு அட்ஜெக்டிவைத் தேடினால் அர்த்தத்தோடு, அதற்குப் பின்னால் என்ன வரும் என்பதும் தடித்த எழுத்தில் இருக்கும். தமிழ் அர்த்தம் மட்டும் போட்ட சின்ன அகராதிகளில் இது கிடைக்காது. இங்கிலீஷ் படிக்கிற எல்லோரும் அந்தத் தடித்த எழுத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அடித்துச் சொல்வேன்.

ஒரே அட்ஜெக்டிவ் வாலை மாற்றினால் பொருள் மாறுவது ரசிக்கும்படி இருக்கிறது. 'குட் அட்' திறமை, 'குட் ஃபார்' உடம்புக்கு நல்லது, 'குட் டு' நம்மிடம் அன்பாக நடப்பது, 'குட் வித்' பிள்ளைகளையோ மெஷினையோ பக்குவமாகக் கையாள்வது. 'டயர்ட் ஃப்ரம்' என்றால் மூட்டை தூக்கி வந்த அலுப்பு, 'டயர்ட் ஆஃப்' என்றால் சலிப்பு, போதும்டா சாமி. எங்கள் கடையையே எடுத்துக்கொண்டால், லோடுக்கு நான் 'ரெஸ்பான்சிபிள் ஃபார்', முதலாளிக்கு 'ரெஸ்பான்சிபிள் டு'. தமிழில் இரண்டுக்கும் 'கு'தான், லோடுக்குப் பொறுப்பு, முதலாளிக்குப் பதில். இங்கிலீஷில் மாற்றிப் போட்டால் முதலாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் வந்துவிடும்.

'டிஃபரன்ட்' பற்றிச் சுருக்கமாக: 'ஃப்ரம்' எங்கேயும் செல்லும், 'டு' பிரிட்டிஷ் பேச்சு, 'தேன்' அமெரிக்கப் பழக்கம். 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்' எல்லாம் லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள், அவற்றுக்கு 'தேன்' கிடையாது, 'டு'தான்.

'அண்ட்' பக்கம் இப்போதுதான் நிரம்ப ஆரம்பித்திருக்கிறது. பெயருக்கு முன்னால் வேறு வேறு வகை அட்ஜெக்டிவ்கள் அடுக்கினால் 'அண்ட்' வேண்டாம்: 'எ பிக் ரெட் பஸ்'. அளவு ஒன்று, நிறம் ஒன்று. இரண்டும் நிறமாக இருந்தால் 'அண்ட்' வேண்டும்: 'எ பிளாக் அண்ட் ஒயிட் கௌ'. வாக்கியத்தின் கடைசியில் வந்தால் வகை பார்க்காமல் கடைசிக்கு முன்னால் 'அண்ட்': 'இட் வாஸ் கோல்ட், வெட் அண்ட் விண்டி'. குற்றாலச் சீசனை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நாம் 'குளிராகவும் ஈரமாகவும்' என்று ஒவ்வொன்றுக்கும் 'உம்' கட்டுகிறோம், அவர்கள் கடைசியில் ஒரே ஒரு முடிச்சு. இதில் 'நைஸ் அண்ட் ஹாட்' தனி ரகம். டீ நன்றாகவும் இருக்கிறது சூடாகவும் இருக்கிறது என்று இரண்டு செய்தி இல்லை அது, நல்ல சூடு என்ற ஒரே செய்தி. நாம் 'நல்ல சூடு', 'நல்ல கூட்டம்' என்கிறோமே, அதே வேலை.

'டூ... டு' ஜோடியையும் பிடித்து வைத்திருக்கிறேன். 'டூ ஹெவி டு லிஃப்ட்' என்றால் தூக்க முடியாது என்கிற அந்த 'இல்லை' வெளியே தெரியாமலே உள்ளே இருக்கிறது. 'ஸோ ஹெவி தட் வி குட் நாட் லிஃப்ட் இட்' என்று கன்ஜங்ஷன் போட்டால் அந்த 'நாட்' வாயைத் திறந்து வந்தாக வேண்டும். 'இனஃப்' மட்டும் அட்ஜெக்டிவுக்குப் பின்னால் நிற்கும்: 'ஸ்ட்ராங் இனஃப் டு லிஃப்ட்'.

ஓரத்தில் எழுதி வைத்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'அஸ்லீப்', 'அலைவ்' இரண்டிலும் முன்னால் இருக்கும் 'அ' பழைய இங்கிலீஷின் 'ஆன்' என்ற ப்ரிபொசிஷன். தூக்கத்தில், உயிரில் என்று இரண்டு சொல்லாக இருந்தவை ஒட்டி ஒன்றாகிவிட்டன. அதனால்தான் இவை பெயருக்கு முன்னால் வருவதில்லை, 'அஸ்லீப் பேபி' என்று சொல்லாமல் 'ஸ்லீப்பிங் பேபி' என்கிறார்கள்.

இந்த வாரம் கேள்விகள். கேள்வியாக மாற்றும்போது அட்ஜெக்டிவும் ப்ரிபொசிஷனும் கையை விடாமல் கடைசிவரை போகின்றன: 'வாட் ஆர் யூ அஃப்ரெய்ட் ஆஃப்?', 'ஹூ ஆர் யூ ஆங்ரி வித்?', 'வாட் ஈஸ் ஹி குட் அட்?' கடைசியில் வெறுமனே 'ஆஃப்' என்று நிற்பது நம் காதுக்கு முடியாத வாக்கியம் மாதிரி இருக்கிறது, ஆனால் அதை விட்டால்தான் வாக்கியம் குறை. அக்காவின் டியூஷன் பிள்ளைகள் இதை ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகுகிறார்கள், நான் ரயிலில் நோட்டைப் பார்க்காமல் 'ஆஃப்' பக்கத்துச் சொற்களை ஒவ்வொன்றாகக் கேள்வியாக்கிக்கொண்டு போகிறேன். அடுத்தது 'அட்' பக்கம்.