கத்திரி வெயில்ல பசங்களோட மாமல்லபுரம், காலைல 5 மணிக்கு கிளம்பணும்

லீவு விட்டாச்சு, பசங்க வீட்டுக்குள்ளேயே கிடந்து டேப்லெட்டும் கையுமா இருக்காங்க, எங்கயாவது கூட்டிட்டு போலாம்னா வெளிய நெருப்பா கொட்டுது. சென்னைல சின்ன பசங்கள வச்சிருக்கிற எல்லா வீட்டுலயும் மே மாசம் இதே பேச்சு தான்.

போன வருஷம் நாங்க பண்ணின தப்பை முதல்ல சொல்லிடறேன். மாமல்லபுரம் போலாம்னு முடிவு பண்ணி, ஞாயித்துக்கிழமை தானேன்னு மெதுவா எழுந்து, டிபன் சாப்பிட்டு, அங்க போய் இறங்கும்போது மணி 11. பெரியவனுக்கு 7 வயசு, செருப்புக்குள்ள மணல் போயிடுச்சுன்னு கழட்டிட்டு ஒரு கால பாறை மேல வச்சான், அவ்ளோதான், வீல்னு ஒரே கத்தல். தூக்கிப் பாத்தா உள்ளங்கால் செவந்து போச்சு. அது கருங்கல்லு, தோசைக்கல்லு மாதிரி காஞ்சு கிடக்கும், நம்ம செருப்பு போட்டு நடக்கிறதால நமக்கு தெரியறதில்ல.

அத விட பயந்தது சின்னவளுக்கு, 3 வயசு. தண்ணி குடு குடுன்னு கேட்டுட்டே இருந்தவ ஒரு கட்டத்துல பாட்டில தள்ளி விட ஆரம்பிச்சா, அழுகையும் நின்னு போச்சு, என் தோள்ல துவண்டு படுத்துட்டா, நான் தூக்கம் வந்துடுச்சு போலன்னு நினைச்சேன். அப்புறம் தான் உறைச்சுது, காலைல 8 மணிக்கு ஒண்ணுக்கு போனவ மதியம் 2 மணி வரைக்கும் போகவே இல்ல. போனப்போ மஞ்சத்தூள் கரைச்ச மாதிரி கொஞ்சூண்டு. ஒரு டீக்கடை அண்ணன் பெஞ்ச நிழல்ல இழுத்து போட்டு குடத்துல இருந்து தண்ணி மொண்டு குடுத்தார், துண்ட நனைச்சு கழுத்து, அக்குள், தொடை எல்லாம் தொடைச்சு, ஓஆர்எஸ் கரைச்சு ஸ்பூன் ஸ்பூனா ஊட்டினேன், அரை மணி நேரம் கழிச்சு தான் கண்ண தொறந்து பேசினா. அந்த அரை மணி நேரத்த என்னால இன்னும் மறக்க முடியல.

அதுக்கப்புறம் எங்க போறோம்னு நான் யோசிக்கிறதே இல்ல, எப்போ போயிட்டு எப்போ வீட்டுக்குள்ள வந்துடறோம்னு தான் கணக்கு. குழந்தைங்க உடம்பு நம்மள விட சீக்கிரம் சூடாகும், எடைக்கு தோல் பரப்பு அதிகம், வேர்வையும் நம்ம அளவுக்கு வராது. அதுல நம்ம ஊர் புழுக்கம் வேற, வேர்த்தாலும் காயாது, வேர்வை காஞ்சா தானே உடம்பு குளிரும். மதியத்துக்கு மேல கடல் காத்து வந்தா கொஞ்சம் தேவலாம், ஆனா மே கடைசில மேக்கத்தி காத்து பலமா அடிக்கிற நாள்ல அது லேட்டாகிடும், அன்னைக்கு தான் வெயில் ஏறிட்டே போகும்.

இந்த வருஷம் அதே மாமல்லபுரத்துக்கே போனோம். வீட்டுல இருந்து 5 மணிக்கு கிளம்பியாச்சு, பசங்கள நைட் டிரஸ்ஸோடவே தூக்கி கார்ல போட்டாச்சு. 6 மணிக்கெல்லாம் திறந்துடறாங்க, 15 வயசுக்குள்ள பசங்களுக்கு டிக்கெட் கிடையாது. முதல்ல ஐந்து ரதம் போயிடுங்க, ஏன்னா அங்க ஒதுங்க நிழலே பத்தாது. அப்புறம் கடற்கரை கோயில், கடைசியா அர்ஜுனன் தபசு. தபசு கிழக்க பாத்து இருக்கு, காலை வெயில் நேரா சிற்பத்து மேல விழறதால ஒவ்வொண்ணும் எடுப்பா தெரியும், பெரிய யானைக்கு பக்கத்துலயே ஒத்தக் கால்ல நின்னு தவம் பண்ற பூனையும் அத கும்பிடற எலிங்களும் இருக்கும், சின்னவ அந்த பூனைய விட்டு நகரவே இல்ல. மதியத்துக்கு மேல வெயில் பாறைக்கு பின்னாடி போயிடும், அதனால சாயந்திரம் போறவங்களுக்கு அங்க நிழல் கிடைக்கும், ஆனா நாள் பூரா குடிச்ச சூட்ட பாறை அப்போ தான் கக்கும், குழந்தைங்கள அதுல சாஞ்சு உக்கார விடாதீங்க.

பைல என்ன வச்சேன்னா, ராத்திரியே அரை பாட்டில் தண்ணிய ஃப்ரீசர்ல உறைய வச்சு காலைல மீதிய நிரப்பினது, உப்பு போட்ட நீர்மோர், பொடி தடவின இட்லி, ரெண்டு காட்டன் துண்டு. தயிர் சாதம் எடுத்துட்டு போறவங்க பால் ஊத்தி பிசைஞ்சு ஒரு ஸ்பூன் மோர் மட்டும் விடுங்க, இல்லன்னா வெயில்ல புளிச்சு போயிடும். ஓஆர்எஸ் பாக்கெட்ட முழுசா 1 லிட்டர் தண்ணில தான் கரைக்கணும், கொஞ்சம் கொஞ்சமா டம்ளர்ல போட்டு கலக்கினா உப்பு அளவு மாறிடும். அட்டைப்பெட்டில இனிப்பா வர்ற ஜூஸ அதுக்கு பதிலா குடுக்காதீங்க. 6 மாசத்துக்குள்ள குழந்தைன்னா தண்ணியே வேண்டாம், தாய்ப்பால அடிக்கடி குடுத்தா போதும். குழந்தைய வச்சு தள்ளற வண்டி மேல வெயிலுக்காக துணி போட்டு மூடாதீங்க, உள்ள காத்தே போகாம வெந்துடும்.

ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ ஒண்ணுக்கு போறாங்களா, என்ன கலர்னு பாத்துட்டே இருங்க, எனக்கு தெரிஞ்சு இத விட நல்ல அளவுகோல் இல்ல. உடம்பு அனலா கொதிச்சு, வாந்தி, பிதற்றல், கூப்பிட்டா சரியா பதில் இல்லன்னா நனைச்சுகிட்டே 108-க்கு போன் பண்ணுங்க, வீட்டுக்கு போய் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. கார்ல குழந்தைய விட்டுட்டு தண்ணி பாட்டில் வாங்க இறங்கறது கூட வேண்டாம், நிறுத்தின 10 நிமிஷத்துல உள்ள 10 டிகிரி ஏறிடும்.

எட்டரைக்கு திரும்பிட்டோம். ஈசிஆர் ஓரத்துல நுங்கு வண்டி ஒண்ணு, அவர் அருவா வச்சு சீவி சீவி குடுக்க பெரியவன் கட்டை விரல உள்ள விட்டு நோண்டி உறிஞ்சினான், தண்ணி முழங்கை வரைக்கும் வழிஞ்சுது. பத்து மணிக்கு திரைய இழுத்து விட்டுட்டு ஃபேனுக்கு கீழ ரெண்டும் தூங்குதுங்க, வெளிய அப்போ தான் வெயில் சுள்ளுனு ஏற ஆரம்பிச்சுது.