சிரட்டையில் ஒரு வாய்த் தண்ணீர்

2023 யூலை. வேலை முடிந்து வந்தபோது வாசற்படியில் ஒரு பறவை குந்தியிருந்தது. வெள்ளை நெஞ்சு, சாம்பல் முதுகு, மையில் தோய்த்தது போன்ற சிறகு நுனி. கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு போக, அது தலையைத் தூக்கப் பார்த்து மறுபடியும் சரிந்தது. தண்ணீர் எடுத்துவர உள்ளே ஓடினேன். கோப்பையோடு திரும்பியபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அப்பால் நின்று கையை உயர்த்தினார். "தொடவேண்டாம், பறவைக் காய்ச்சல். நகரசபைக்குச் சொல்லிவிட்டேன்."

நான் தொடவில்லை. அவர் சொன்னதுதான் சரி. ஆனாலும் அந்தக் கோப்பை நெடுநேரம் என் கையிலேயே இருந்தது.

வன்னியில், விசுவமடுவில் எங்கள் வளவில் மைனாக்குஞ்சு விழுந்தால் அப்பா முதலில் தேடுவது சிரட்டையைத்தான். தண்ணீர் அள்ளி, விரல் நுனியால் ஒரு சொட்டை அலகோரத்தில் விடுவார். குஞ்சு பிழைக்காத நாட்களும் உண்டு. ஆனால் தாகத்தோடு எதுவும் எங்கள் முற்றத்தில் செத்ததில்லை.

நான் இருப்பது வாட்ஸோ, நோர்வேயின் வடகிழக்கு மூலை. இந்தக் கடற்பறவைக்கு இங்கே கிரிக்யே என்று பெயர். வந்த முதல் கோடையில் இவற்றோடு எனக்குப் பெரிய வழக்கு. சூரியன் மறையாத இரவில் தங்கள் பெயரைத் தாங்களே கத்திக்கொண்டிருக்கும். தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு படுப்பேன். அந்த யூலையில் சத்தம் அடங்கியபோதும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊருக்குக் கிழக்கே எக்கரேய் பாறைச் சரிவில் இவை தோளோடு தோள் உரசிக் கூடு கட்டும். நல்ல தண்ணீர்க் குட்டைகளில் கூட்டமாகக் குளிக்கும். கிருமிக்கு வேறென்ன வேண்டும்? ஆயிரக்கணக்கில் விழுந்தன. வெள்ளை உடுப்பும் முகமூடியும் கையுறையும் அணிந்தவர்கள் வீதி வீதியாக வந்து அவற்றைப் பைகளில் சேர்த்தார்கள். வன்னியிலிருந்து வந்தவனால் அந்தக் காட்சியை அதிக நேரம் பார்க்க முடியாது. யன்னல் சீலையை இழுத்துவிட்டேன்.

அன்றிரவு ஊரிலிருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்துக் கொடுக்கச் சொல்லு தம்பி, எங்கள் கோழிகளுக்கு அதுதானே கேட்டது" என்றார். நகரசபைக்கே சொல்லிவிடச் சொன்னார். பல நாட்களுக்குப் பிறகு சிரித்தேன்.

இந்தப் பறவைக் காய்ச்சலைத் தரும் எச்5என்1 கிருமியின் பரம்பரை 1996இல் சீனாவின் குவாங்டொங்கில், பண்ணைப் பெருவாத்துகளில் முதலில் பிடிபட்டது. மனிதர் நெருக்கி அடைத்து வளர்த்த பறவைகளிலிருந்து காட்டுப் பறவைகளுக்குப் போய், அவற்றின் சிறகிலேயே உலகைச் சுற்றியது. 2023 ஒக்ரோபரில் தென்துருவப் பக்கம் தென் ஜோர்ஜியாவின் பறவைத் தீவில், ஸ்கூவா என்னும் கடற்பறவைகளில் கண்டார்கள். அடுத்த பெப்ரவரியில் அந்தாட்டிக்காப் பெருநிலத்திலேயே உறுதியானது. அலாஸ்காவில் ஒரு பனிக்கரடியும் இதனால் செத்தது. கோழிப்பண்ணை என்றால் வேலி போடலாம், கூட்டை அடைக்கலாம். பாறையில் கூடு கட்டுவதற்கு யார் கதவு போடுவது? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பழி ஒரு பக்கம், சாவு இன்னொரு பக்கம்.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. மொழி வந்துவிட்டது, பனிக்கட்டியில் வழுக்காமல் நடக்கிறேன், எந்த ஊர் என்று கேட்டால் வாட்ஸோ என்றுதான் சொல்கிறேன். ஆனால் மார்கழியில் பகலிலும் சூரியன் எட்டிப் பாராத நேரத்தில், அப்பாவின் சைக்கிள் பாரில் குந்தியபடி சுண்டிக்குளம் போய்க்கொண்டிருப்பேன். கடல்நீரேரியில் ஊசிவால் வாத்துகள், தூரத்தில் பூநாரைகள், கரைச் சேற்றில் அலகு வளைந்த சின்ன உள்ளான்கள். அந்த உள்ளான் குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் வடதுருவச் சமவெளியில் என்பதை இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன். கிரிக்யே வன்னிக்கு வராது. உள்ளான் வரும்.

அதனால் மாரி தொடங்கியதும் அம்மாவிடம் கேட்டேன், பறவைகள் வந்துவிட்டனவா என்று.

"போன கிழமையே வந்துவிட்டன. கொண்ணன் பார்த்துவிட்டு வந்தான். செத்தது ஒன்றும் இல்லையாம்."

"கிடந்தாலும் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள் அம்மா."

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

"தண்ணீர் கூடவா வைக்கக் கூடாது?" என்று கேட்டார்.